பொது உண்டியலுக்குக் காவல் யார்?



வேலை முடிந்து, குளித்துவிட்டு, தேநீர்க் குவளையோடு வானொலிப் பெட்டிக்கு அருகில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, இன்று ஒரு வீட்டுக் கணக்கைப் பற்றி உங்களோடு பேச வந்திருக்கிறேன். நோய் வந்தால் உதவும் என்று நம்பிப் பலர் சேர்ந்து ஓர் உண்டியலில் காசு போடுகிறார்கள். அந்த உண்டியலுக்குக் காவல் யார்? அதில் போதிய பணம் இருக்கிறதா என்று பார்ப்பவர் யார்? இதுதான் இன்றைய பேச்சு.

பலர் சேர்ந்து காசு போடுவது நம் தோட்டப்புறத்து மக்களுக்குப் புதிதன்று. நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் மரணச் சகாய நிதி ஒன்று இருந்தது. ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால், மறுநாள் காலையில் பெரட்டுக் களத்திலேயே செய்தி சொல்லி, வீட்டுக்கு 2 வெள்ளி வீதம் வசூலித்து விடுவார்கள். 120 வீடுகள், 240 வெள்ளி. அந்த நோட்டுப் புத்தகம் பல காலம் என் தந்தையாரிடம் இருந்தது. கொடுத்தவர் பெயருக்கு நேரே ஒரு கோடு, கொடுக்காதவர் பெயருக்கு நேரே ஒரு புள்ளி. அந்த நிதி ஒரு நாளும் எங்களைக் கைவிட்டதில்லை.

இன்று நம் பிள்ளைகள் பலர் தோட்டத்தை விட்டு வெளியே போய்விட்டார்கள். ஒருவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். ஒருவர் வீட்டிலேயே தையல் தைக்கிறார். மற்றொருவர் சாலையோரத்தில் காலைப் பசியாறல் விற்கிறார். இன்னொருவர் புல் வெட்டும் குத்தகை எடுத்திருக்கிறார். இவர்கள் எல்லாம் சுயதொழில் செய்பவர்கள். யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்பது இவர்களுக்குப் பெருமைதான். ஆனால் காய்ச்சல் வந்தால் மருத்துவச் சீட்டுக் கொடுக்க முதலாளி இல்லை; தோட்டத்து டிரஸரும் இல்லை. படுத்துவிட்டால் அன்றைய வருமானமும் இல்லை.

என் தம்பியும் அப்படிப்பட்டவன்தான். பள்ளி வேன் ஓட்டுகிறான். சில ஆண்டுகளுக்கு முன் அவன் ஒரு நாள் என் வீட்டுக்கு வந்து, சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினான். "அக்கா, மாதம் 40 வெள்ளிதான். பெரிய காப்புறுதி நிறுவனத்தில் சேர்ந்தால் இதைப்போலப் பல மடங்கு கேட்கிறார்கள். நம் ஆள் ஒருவர் சிறு வியாபாரிகளையும் வேன் ஓட்டுநர்களையும் சேர்த்து ஒரு மருத்துவ நிதி தொடங்கியிருக்கிறார். 200 பேர் சேர்ந்துவிட்டார்கள்" என்றான். எனக்கும் நல்லதாகவே பட்டது. நம் மக்கள் ஒன்றுசேர்கிறார்களே என்று மகிழ்ந்தேன். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கணக்குப் பாடம் நடத்தும் ஆசிரியை நான். அன்று கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

இரண்டாம் ஆண்டில் தம்பிக்குப் பித்தப்பையில் கல் என்றார்கள். அட்டை இருக்கிறதே என்ற தைரியத்தில் பட்டணத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனான். முன்பணத்தைக் கையிலிருந்து கட்டினான். மீதியை நிதி பார்த்துக்கொள்ளும் என்று நம்பினான். அறுவைச் சிகிச்சை முடிந்தது. மொத்தம் 14,000 வெள்ளி. நிதியின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. தம்பி மனைவியின் தாலிக்கொடி தவிர மற்ற நகைகள் அடகுக் கடைக்குப் போயின.

பிறகு உறுப்பினர்கள் கூடி அந்த மனிதரைத் தேடிப் பிடித்தார்கள். அவர் கொண்டுவந்து போட்ட காகிதங்களைப் பார்த்தபோதுதான் விவரம் புரிந்தது. 200 பேர், மாதம் 40 வெள்ளி. மாதத்துக்கு 8,000 வெள்ளி. ஆண்டுக்கு 96,000 வெள்ளி. கேட்பதற்குப் பெரிய தொகைதான். ஆனால் அந்த ஆண்டில் மட்டும் ஏழு பேருக்கு அறுவைச் சிகிச்சை. ஒருவருக்கு 14,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டாலும் 98,000 வெள்ளி ஆகிவிடுகிறது. அறை வாடகை, ஆள் சேர்த்தவர்களுக்குக் கூலி, அட்டை அடித்த செலவு எல்லாம் அதற்கு மேலே. முதலில் நோயுற்றவர்களுக்குப் பணம் கிடைத்தது. பின்னால் நோயுற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை.

அவரைத் திருடர் என்று சிலர் திட்டினார்கள். அவர் கெட்ட எண்ணத்தோடு தொடங்கவில்லை, கணக்குத் தெரியாமல் மாட்டிக்கொண்டார் என்று சிலர் சொன்னார்கள். எப்படி இருந்தாலும், மருத்துவமனையில் கட்டில் மேல் கிடக்கும் நோயாளிக்கு இரண்டும் ஒன்றுதான். காசை எடுத்துக்கொண்டு ஓடுபவரிடமிருந்து மட்டுமல்ல, நல்ல மனத்தோடு தப்புக் கணக்குப் போடுபவரிடமிருந்தும் நம்மைக் காப்பாற்ற வேண்டும். சட்டம் வேண்டும் என்று சொல்வது அதற்காகத்தான்.

நேயர்களே, மரணச் சகாய நிதி நிலைத்தது. மருத்துவ நிதி முறிந்தது. இரண்டுக்கும் என்ன வேற்றுமை? மரணச் சகாய நிதியில் கொடுக்கும் தொகைக்கு எல்லை உண்டு. வசூலானது எவ்வளவோ அவ்வளவுதான் கொடுப்பார்கள். அதுவும் சாவு நேர்ந்த பிறகே வசூல். ஆகவே பல காலம் பூட்டி வைத்துக் காக்க வேண்டிய பணம் என்று அதில் ஒன்றும் இல்லை. மருத்துவ நிதியோ முன்கூட்டியே காசை வாங்கிக்கொண்டு, பின்னால் வரப்போகும் செலவை ஏற்பதாக வாக்குக் கொடுக்கிறது. அந்தச் செலவு 500 வெள்ளியாகவும் இருக்கலாம், 50,000 வெள்ளியாகவும் இருக்கலாம். வாக்குக் கொடுக்கும் நாளில் அது யாருக்கும் தெரியாது.

அப்படியானால் காப்புறுதி நிறுவனங்கள் மட்டும் எப்படிக் கொடுக்கின்றன? என் வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு வைப்பேன். 25 பிள்ளைகள். ஒவ்வொருவரும் ஒரு காசைப் பத்து முறை சுண்ட வேண்டும். பூ எத்தனை, தலை எத்தனை என்று எழுத வேண்டும். ஒரு பிள்ளைக்கு எட்டுப் பூ விழும்; அடுத்த பிள்ளைக்கு மூன்று விழும். யாருக்கு எத்தனை விழும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. ஆனால் வகுப்பு முழுவதும் சுண்டிய 250 முறையையும் கூட்டிப் பார்த்தால், பாதிக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். காசு சுண்டுவது கூடக் கூட, கணக்குப் பாதியை விட்டு அதிகம் விலகாது.

நோயும் அப்படித்தான். 30 பேர் சேர்ந்த கூட்டத்தில் இந்த ஆண்டு யாருக்கும் அறுவைச் சிகிச்சை இல்லாமல் போகலாம். மூவருக்கு வரவும் கூடும். மூவருக்கு வந்தால் நிதி காலி. 30,000 பேர் சேர்ந்த கூட்டத்தில் ஏறத்தாழ எத்தனை பேருக்கு வரும் என்று முந்தைய ஆண்டுகளைப் பார்த்துக் கணக்கிட்டு விடலாம். அதற்கேற்பச் சந்தா வாங்கலாம். எதிர்பாராத ஆண்டுக்கென்று ஒரு பகுதியைத் தனியே ஒதுக்கியும் வைக்கலாம்.

ஆனால் கூட்டம் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது. பானை பெரிதானாலும் ஓட்டை இருந்தால் தண்ணீர் நிற்குமா? பொது நிதியில் மூன்று இடங்களில் ஓட்டை விழுகிறது. ஆள் சேர்ப்பதற்காகச் சந்தாவை மிகவும் குறைத்து வாங்குவது முதல் ஓட்டை. நடத்துபவரே பணத்தைத் தின்றுவிடுவது இரண்டாவது. மூன்றாவது கண்ணுக்குத் தெரியாதது. ஆரோக்கியமாக இருப்பவர்கள் வெளியேறி, நோயாளிகள் மட்டும் உள்ளே தங்கிவிடுவது அது. என் தம்பி சேர்ந்திருந்த நிதியிலும் இது நடந்தது. பணம் போதவில்லை என்று சந்தாவை 60 வெள்ளி ஆக்கியபோது, இளவட்டங்கள் "எனக்கென்ன நோய்?" என்று நின்றுவிட்டார்கள். சர்க்கரை நோயாளியும் இரத்தக் கொதிப்புக்காரரும் மட்டும் விடாமல் கட்டினார்கள். கட்டுபவர் குறைந்தார்கள், செலவு குறையவில்லை.

நம் ஊரில் 200 பேருக்கு நடந்த இதே கதை, கடலுக்கு அப்பால் ஒரு பெரிய நாட்டில் இலட்சக்கணக்கானோருக்கு நடந்திருக்கிறது. அமெரிக்காவைத்தான் சொல்கிறேன். அவ்வளவு பணமும் படிப்பும் உள்ள நாட்டில்கூட இப்படியா என்று கேட்பீர்கள். அங்கே நடந்ததைத் தெரிந்துகொண்டால், நம் வாசலுக்கு வரும் அட்டைக்காரரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது விளங்கும். ஆகவே சற்றுப் பொறுமையோடு கேளுங்கள்.

நம் நாட்டில் குடிமக்கள் அரசாங்க மருத்துவமனையில் ஒரு வெள்ளி கட்டி வெளிநோயாளியாக மருந்து வாங்கலாம். அமெரிக்காவில் எல்லாருக்கும் அப்படி ஓர் ஏற்பாடு கிடையாது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 1965ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசாங்கக் காப்புறுதி உண்டு. அதற்குக் கீழே உள்ளவர்களில் பெரும்பாலோர் வேலை செய்யும் நிறுவனத்தின் வழியாகவே மருத்துவக் காப்புறுதி பெறுகிறார்கள். பத்தாயிரம் பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கு அது எளிது. நான்கு பேர் வேலை செய்யும் முடிதிருத்தும் கடைக்கும், தனியாக லோரி ஓட்டுபவருக்கும், சிறு விவசாயிக்கும் அது பெரும் பாரம். ஆகவே இவர்கள் தொழிற்சங்கம், வியாபாரிகள் சங்கம் என்று கூடி ஒரே நிதியாகக் காப்புறுதி தேட முற்பட்டார்கள். எண்ணம் நல்ல எண்ணம்தான்.

காவலில்தான் கோளாறு. அங்கே 50 மாநிலங்கள். காப்புறுதி நிறுவனங்களை மேற்பார்வை செய்வது மாநில அரசுகளின் வேலை. எவ்வளவு பணம் ஒதுக்கி வைக்க வேண்டும், யார் நடத்தலாம் என்பதை எல்லாம் மாநிலமே சொல்லும். 1974இல் மத்திய அரசு, தொழிலாளர்களின் ஓய்வூதியத்தையும் மற்ற நலத் திட்டங்களையும் காப்பதற்கு ஒரு சட்டம் செய்தது. முதலாளிமார் நடத்தும் நலத் திட்டங்கள் மத்தியச் சட்டத்தின் கீழ் வரும். மாநிலச் சட்டம் அவற்றைப் பெரும்பாலும் கட்டுப்படுத்தாது என்பது அதன் ஒரு பகுதி. ஆனால் மருத்துவ நிதியில் இவ்வளவு பணம் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை.

இரண்டு தோட்டங்களுக்கு நடுவே ஓர் எல்லை வாய்க்கால் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தோட்டத்து ஜாகாவும் "அது என் பொறுப்பன்று" என்கிறார். அந்தத் தோட்டத்து ஜாகாவும் "அது என் பொறுப்பன்று" என்கிறார். செம்பனைக் குலை எங்கே களவு போகும்? அந்த வாய்க்கால் ஓரத்தில்தான். அப்படித்தான் அங்கேயும் சிலர் பல சிறு கடைகளைச் சேர்த்து மருத்துவ நிதி தொடங்கினார்கள். மாநில அதிகாரி கேட்டால், "நாங்கள் மத்தியச் சட்டத்தின் கீழ் இருக்கிறோம்" என்றார்கள். மத்திய அரசோ அவர்களின் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை.

1983ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. பல முதலாளிகளைச் சேர்த்து நடத்தும் நிதியை மாநில அரசும் கண்காணிக்கலாம் என்று தெளிவாகச் சொன்னது. அப்படியும் கதை முடியவில்லை. 1992இல் நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் ஓர் அறிக்கை கொடுத்தது. 1988 ஜனவரி முதல் 1991 ஜூன் வரை, மூன்றரை ஆண்டுகளில், இத்தகைய நிதிகளை நம்பிய குறைந்தது 3 இலட்சத்து 98 ஆயிரம் பேரின் மருத்துவச் செலவு கொடுக்கப்படவில்லை. கொடுபடாத தொகை 12 கோடியே 30 இலட்சம் டாலருக்கும் மேல்.

பத்து ஆண்டுகள் கழித்து அதே கதை மீண்டும் நடந்தது. காப்புறுதிச் சந்தா ஏறிக்கொண்டிருந்த காலம். சிறு கடைக்காரர்கள் மலிவானதைத் தேடினார்கள். தேடுபவர் இருந்தால் விற்பவரும் வந்துவிடுவார் அல்லவா? 2000 முதல் 2002 வரை, உரிமம் இல்லாமல் மருத்துவக் காப்புறுதி விற்ற 144 அமைப்புகளை அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். அவற்றில் சேர்ந்தவர்கள் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். கொடுபடாத தொகை குறைந்தது 25 கோடியே 20 இலட்சம் டாலர். 2003இல் தணிக்கை அலுவலகம் விசாரித்தபோது, அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவே மீட்கப்பட்டிருந்தது. ஒரு மாநிலம் தடுத்தால் வேறு மாநிலத்தில் வேறு பெயரில் கடை திறந்தார்கள். ஆகவே 2010ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டத்தில் மத்தியத் தொழிலாளர் இலாகாவுக்குப் புதிய அதிகாரம் கொடுக்கப்பட்டது. இத்தகைய நிதி தொடங்குமுன்பே பதிய வேண்டும். ஆபத்து என்று தெரிந்தால் உடனே நிறுத்த உத்தரவிடலாம்.

இதுவரை சொன்னது முதல் இரண்டு ஓட்டைகளின் கதை. மூன்றாவது ஓட்டையைப் பற்றி அங்கே நடந்த வழக்கு, நேர்மையான மனிதர்களுக்கு இடையே நடந்த வழக்கு. அதையும் சொல்ல வேண்டும்.

அதே 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால், 2014 முதல் ஒருவரை நோயாளி என்பதற்காகக் காப்புறுதி நிறுவனம் தள்ளிவிடக் கூடாது. நோயுள்ளவரிடம் கூடுதல் சந்தாவும் வாங்கக் கூடாது. சிறு நிறுவனங்களுக்கும் தனி நபர்களுக்கும் விற்கும் காப்புறுதியில் பேறுகாலம், மனநோய், மருந்துச் செலவு எல்லாம் அடங்கியிருக்க வேண்டும். நல்லதுதானே? ஆனால் இத்தனையும் அடங்கினால் ஆரோக்கியமானவர் கட்டும் சந்தா ஏறத்தான் செய்யும். சிறு வியாபாரிகள் முணுமுணுத்தார்கள். "பெரிய நிறுவனங்களுக்கு இந்தக் கட்டுப்பாடுகள் எல்லாம் இல்லை. நாங்கள் சங்கமாகச் சேர்ந்தால் எங்களையும் பெரிய நிறுவனம் போல நடத்தக் கூடாதா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு.

2018ஆம் ஆண்டு ஜூனில் தொழிலாளர் இலாகா அதற்கு இணங்கி ஒரு விதி செய்தது. சங்கமாகச் சேர்வதை எளிதாக்கியது. தொழிலாளர் ஒருவர்கூட இல்லாத சுயதொழில்காரரும் சேரலாம் என்றது. நோயைக் காரணம் காட்டித் தள்ளக் கூடாது என்ற விதி இருந்தது. ஆனால் வயதைப் பார்த்தும் தொழிலைப் பார்த்தும் வேறு வேறு சந்தா வாங்கலாம். பேறுகாலம் போன்றவற்றை விட்டுவிட்டு மலிவான திட்டமும் விற்கலாம். இதை எதிர்த்துப் பதினொரு மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன. இளையவர்களும் ஆரோக்கியமானவர்களும் மலிவைத் தேடிச் சங்க நிதிக்குப் போய்விடுவார்கள். முதியவர்களும் நோயாளிகளும் பொதுக் காப்புறுதியில் தங்கிவிடுவார்கள். அவர்களின் சந்தா மேலும் ஏறும் என்பது அந்த விதியை எதிர்த்தவர்களின் கவலை. 2019 மார்ச் மாதம் வாஷிங்டனில் உள்ள கூட்டரசு நீதிமன்றம் அந்த விதியின் முக்கியப் பகுதிகளைத் தள்ளுபடி செய்தது. தனியொரு மனிதர் தமக்குத் தாமே முதலாளியாகவும் தொழிலாளியாகவும் இருப்பதாகக் காட்டி அந்தச் சட்டத்துக்குள் நுழைய முடியாது என்றார் நீதிபதி. 2024இல் இலாகாவே அந்த விதியை முழுதும் நீக்கிவிட்டது.

இதில் நமக்குப் பாடம் என்ன? சந்தா மலிவாக இருக்கிறது என்றால், அந்த மலிவு எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். வீண் செலவைக் குறைத்ததால் வந்த மலிவா? அப்படியானால் வரவேற்போம். ஒதுக்கி வைக்க வேண்டிய பணத்தை ஒதுக்காததால் வந்த மலிவா? அது நாளைக்கு வெடிக்கும். நோயாளியை வெளியே நிறுத்தியதால் வந்த மலிவா? அப்படியானால் இன்றைக்கு நமக்கு இலாபம். நாமும் ஒரு நாள் நோயாளி ஆகும்போது வெளியே நிற்பவர் நாம்தான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நம் நாட்டிலும் இந்தப் பாடம் பழையதுதான். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் போதிய மூலதனமும் அனுபவமும் இல்லாமல் பல காப்புறுதி நிறுவனங்கள் காளான்போல முளைத்து மூழ்கின. அதன் பிறகே 1963இல் காப்புறுதிச் சட்டம் வந்தது. இன்று காப்புறுதியைக் கண்காணிப்பது பேங்க் நெகாரா. 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டப்படி, உரிமம் பெறாமல் காப்புறுதி வியாபாரம் நடத்துவது குற்றம். உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்று முறிந்துபோனாலும், சட்டம் குறித்த எல்லைக்குள் நம் உரிமையைக் காக்க, பி.ஐ.டி.எம். என்னும் கழகத்தின் பாதுகாப்பு 2010 டிசம்பர் இறுதியிலிருந்து இருக்கிறது. உரிமம் இல்லாத அட்டைக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. என் தம்பியின் அட்டைக்கும் இருக்கவில்லை.

கூட்டுப் பணம் போடும் பழக்கத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நாம் சீட்டு என்றும் கூட்டு என்றும் சொல்வதைத் தொழிலாக நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. "மருத்துவச் செலவுக்குச் சீட்டு" என்று யாராவது வந்தால், பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம்.

சுயதொழில் செய்யும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இன்னொரு செய்தி. நம்மில் பலருக்குச் சொக்சோ என்றால் தோட்டத்துச் சம்பளச் சீட்டில் பிடிக்கும் காசு என்றுதான் தெரியும். அது 1969ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி முதலாளி உள்ளவருக்கே இடம். 2017இல் சுயதொழில் செய்பவர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. முதலில் டாக்சி ஓட்டுநர்களுக்கும் அவர்களைப் போல வாகனம் ஓட்டுபவர்களுக்கும் தொடங்கி, 2020 முதல் சிறு வியாபாரிகள், விவசாயம் செய்வோர் எனப் பல துறைகளுக்கும் விரிந்தது. தொடங்கியபோது அதன் மிகக் குறைந்த சந்தா ஆண்டுக்கு 157 வெள்ளி 20 காசு. இப்போதைய தொகையைச் சொக்சோ அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். இந்தத் திட்டம் வேலையோடு தொடர்புடைய விபத்துக்கும் தொழில்நோய்க்கும்தான். பித்தப்பைக் கல்லுக்கு அது பணம் கொடுக்காது. ஆனால் வேன் ஓட்டும்போதும் புல் வெட்டும்போதும் நேரும் விபத்துக்கு, அரசாங்கச் சட்டத்தின் காவலோடு உள்ள பெரிய உண்டியல் அது.

"அப்படியானால் நாங்கள் கூடி எதுவுமே செய்யக் கூடாதா, டீச்சர்?" என்று நீங்கள் கேட்கலாம். கூடித்தான் செய்ய வேண்டும். கூடாமல் நாம் எதைச் சாதித்தோம்? ஆனால் எதைக் கூடிச் செய்வது என்று தெரிந்து செய்ய வேண்டும். மரணச் சகாய நிதியைப் போல, தொகைக்கு எல்லை வைத்த உதவி நிதி நல்லது. நோயுற்றவர் வீட்டுக்கு 200 வெள்ளி என்று வரையறுத்துக் கொடுங்கள். சங்கத்தைப் பதிவு செய்யுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை கணக்கை எல்லார் முன்னிலையிலும் படியுங்கள். ஆனால் மருத்துவமனைச் செலவு முழுவதையும் ஏற்கிறோம் என்று 200 பேர் கொண்ட சங்கம் வாக்குக் கொடுக்க வேண்டாம். அந்த ஆசை இருந்தால், சங்கமாகச் சேர்ந்து உரிமம் பெற்ற நிறுவனத்திடம் குழுக் காப்புறுதி கேட்டுப் பாருங்கள். அப்போது வாக்கைக் காப்பாற்றும் பொறுப்பு அந்த நிறுவனத்துடையது. அதைக் கண்காணிக்கும் பொறுப்பு பேங்க் நெகாராவுடையது.

யாராவது மருத்துவ அட்டையோடு வீட்டு வாசலுக்கு வந்தால் நான்கு கேள்விகள் கேளுங்கள். பிள்ளைகளைவிட்டு ஒரு தாளில் எழுதி வாங்கி, சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். முதற்கேள்வி: உங்களுக்கு உரிமம் கொடுத்தது யார்? பேங்க் நெகாராவின் பட்டியலில் பெயர் உண்டா? இரண்டாவது: செலவு வசூலை மிஞ்சினால் மீதியை யார் கொடுப்பார்? மூன்றாவது: எந்த நோய்களுக்குக் கிடைக்காது? அதை எழுத்தில் காட்டுங்கள். நான்காவது: எனக்கு நோய் வந்த பிறகு, அடுத்த ஆண்டும் என்னைச் சேர்த்துக்கொள்வீர்களா? நல்லவராக இருந்தால் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்க மாட்டார்.

சட்டம் என்றால் நமக்கு எப்போதும் சற்றுக் கசப்புத்தான். பாரம் நிரப்பு, முத்திரை குத்து, அலுவலகத்துக்கு நட என்ற அலைச்சலே நினைவுக்கு வரும். கட்டுப்பாடு கூடினால் செலவும் கூடும் என்பதும் உண்மை. மிகவும் இறுக்கினால் சிறியவர்கள் சேரவே முடியாமல் போய்விடும். அதையும் அரசாங்கம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆனால் கட்டுப்பாடே இல்லாத உண்டியலில் இழப்பவர் எப்போதும் கடைசியாக நோயுற்றவரே.

என் தந்தையாரின் அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், மாதந்தோறும் கணக்கைச் சரிபார்த்த மூன்று பேரின் கையொப்பம் இருக்கிறது. ஒருவர் மண்டோர், ஒருவர் பால் மரம் வெட்டியவர். மூன்றாமவர் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி, கைந்நாட்டு வைத்திருக்கிறார். 240 வெள்ளிக்கு மூன்று பேர் காவல். என் தம்பி சேர்ந்த நிதியில் 96,000 வெள்ளிக்கு ஒருவர்கூடக் காவல் இல்லை.

இன்று இரவு உங்கள் வீட்டில் உள்ள அட்டைகளையும் இரசீதுகளையும் எடுத்துப் பாருங்கள், நேயர்களே. கையொப்பம் யாருடையது, உரிமம் யாருடையது என்று பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். பள்ளிக்குக் கொண்டு வாருங்கள். உங்கள் தோட்டத்து ஆசிரியர் படித்துச் சொல்வார்.